தீவில் ஒரு குடும்பம்

குடும்பப் பக்கம்

நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும் என்று பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அவ்வாறு நோக்கின், பிழைப்பின் பொருட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் வந்து குடியேறியிருக்கும் நம் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு சிறு தீவே ஆகும். சுற்றிலும் இனிய தெலுங்கு மொழி. நடுவே நம் வீடு. வாயிற்படிக்கு உள்ளே ஒரு வழக்கம். வெளியே வேறொரு வழக்கம். இந்நிலையில் நம் குழந்தைகளைத் தெய்வ நம்பிக்கையுடனும் தாய்மொழிப் பற்றுடனும் வளர்ப்பது எங்ஙனம் என்னும் கேள்வி இளம் பெற்றோர் பலரின் உள்ளத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இக்கேள்விக்கு நம்மவர் இருவகையாக விடை காண்கின்றனர். ஒரு சாரார் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். "அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு சேராதே, நம் வழக்கம் கெட்டுவிடும்" என்று குழந்தையைத் தடுக்கின்றனர். மற்றொரு சாரார், "ஊரோடு ஒத்து வாழ வேண்டியதுதானே" என்று சொல்லி, வீட்டினுள் இருந்த வழக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றனர். முதல் வகையாரின் பிள்ளை பிறந்து வளர்ந்த ஊரிலேயே அந்நியனாக நிற்கிறான். இரண்டாம் வகையாரின் பிள்ளையோ, கோடை விடுமுறையில் வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ சென்றால், சொந்தப் பாட்டியின் பேச்சைப் புரிந்துகொள்ள இயலாமல் விழிக்கிறான். பாட்டி கண் கலங்குகிறாள். இவ்விரண்டும் நமக்கு நட்டமே அன்றோ?

மூன்றாவது வழி ஒன்று உண்டா? உண்டு என்பதற்குச் சான்றாக, உண்மையாகவே ஒரு சிறு தீவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையை இம்மாதம் நேயர்கள் முன் வைக்க விழைகிறேன். அத்தீவு இராமேசுவரம். அக்குடும்பம் பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்த ஜைனுலாப்தீன், ஆஷியம்மா தம்பதியருடையது. அவர்களுடைய இளைய மைந்தரே 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பிறந்து, 2002 முதல் 2007 வரை நம் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் அப்துல் கலாம் அவர்கள். அவர் அடைந்த பதவிகளைப் பற்றி எழுதியவர் பலர். அவரை வளர்த்த வீட்டில் விடியற்காலை முதல் இரவு வரை என்ன நடந்தது என்பதே நம் போன்ற குடும்பத்தாருக்குப் பயன்படுவது. அவ்விவரங்களைக் கலாம் அவர்களே தம் நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் விரிவாகக் கூறியிருக்கிறார்.

இருப்புப்பாதை அலுவலில் இருப்பவன் என்ற முறையில் முதலில் தீவின் வழியைச் சொல்லிவிடுகிறேன். இராமேசுவரத் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் திறக்கப்பட்டது. 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரையில் தீவுக்கு வருவோருக்கும் போவோருக்கும் புகைவண்டியும் படகுமே துணை. பழைய இரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கப்பல் வரும்போது நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்றது. திருமலையைத் தரிசித்தவர்கள் இராமநாதரையும் தரிசிக்க வேண்டும் என்று விரும்பிச் செல்லும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஆகவே நம் ஊர் வாசகர்களுக்கு அத்தீவு புதியதன்று.

இனி அவ்வீட்டிற்குள் செல்வோம். சுண்ணாம்பும் செங்கலும் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்ட பழைய வீடு அது. குடும்பத் தலைவர் ஜைனுலாப்தீன் பெரும் படிப்புப் படித்தவரும் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து தொழுகையை முடிப்பார். பிறகு ஏறக்குறைய நான்கு மைல் தொலைவில் இருந்த தம் சிறு தென்னந்தோப்புக்கு நடந்து செல்வார். பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் சுமந்து வீடு திரும்பிய பின்னரே காலை உணவு. முதுமையிலும் இவ்வழக்கத்தை அவர் விடவில்லை. குழந்தைகளை உட்கார வைத்து அவர் நீதி போதித்ததைக் காட்டிலும், நாள் தவறாமல் அவர் செய்ததைக் கண்டே அவர்கள் கற்றுக்கொண்டது மிகுதி.

சிறுவன் கலாமின் காலைப்பொழுதும் நான்கு மணிக்கே தொடங்கியது. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சுவாமியார் என்னும் ஆசிரியர் ஆண்டுக்கு ஐந்து மாணவர்களுக்கு மட்டும் ஊதியம் பெறாமல் கற்பிப்பார். ஆனால் குளிக்காமல் வருகிற பிள்ளையை அவர் சேர்ப்பதில்லை. ஆதலால் ஆஷியம்மா மகனுக்கு முன்பாக எழுந்து, அவனைக் குளிப்பாட்டி, பாடத்திற்கு அனுப்புவார். ஐந்தரை மணிக்கு அவன் திரும்பும்போது தந்தையார் காத்திருப்பார். இருவரும் தொழுகைக்குச் செல்வர். பின் அரபிப் பள்ளியில் குர்ஆன் பாடம். ஒரே விடியற்காலையில் அந்தச் சிறுவன் ஓர் இந்து ஆசிரியரிடம் கணிதமும், தன் மார்க்கத்தின் பள்ளியில் வேதமும் கற்றான். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டும் என்று அவ்வீட்டில் ஒருவரும் கருதவில்லை. இதனை நாம் கவனிக்க வேண்டும்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் மெயில் வண்டி போரின் காரணமாக இராமேசுவரம் ரோடு ஸ்டேஷனில் நிற்காமல் போகத் தொடங்கிற்று. ஆதலால் செய்தித்தாள் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்தே வெளியே எறிந்துவிடுவர். ஊரில் பத்திரிகை விநியோகம் செய்துவந்த உறவினர் சம்சுதீனுக்கு உதவியாக, கலாம் மூன்று கிலோமீட்டர் நடந்து சென்று அக்கட்டுகளைப் பொறுக்கி எடுத்து, வீடு வீடாகக் கொடுத்துவிட்டு எட்டு மணிக்கு வீடு திரும்புவார். பிறகு பள்ளிக்கூடம். மாலையில் பத்திரிகைப் பணம் வசூலிக்கும் வேலை. வீட்டில் மின்விளக்கு இல்லை. மண்ணெண்ணெய் அரிதாகையால் விளக்கு இரவு ஏழு முதல் ஒன்பது மணி வரையில்தான் எரியும். இளைய மகன் படிப்பில் ஆர்வமுடையவன் என்பதற்காக, ஆஷியம்மா எங்ஙனமோ மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்து, அவன் பதினொரு மணி வரை படிப்பதற்கு ஒரு சிறு விளக்கு வைத்துக் கொடுத்தார்.

அந்த அம்மையாரின் சமையலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைகளைத் தரையில் உட்கார வைத்து, வாழையிலை போட்டு, சோறும் சாம்பாரும் ஊறுகாயும் தேங்காய்ச் சட்டினியும் பரிமாறுவார். வீட்டார் எண்ணிக்கையைக் காட்டிலும் அவ்வீட்டில் நாள்தோறும் உணவருந்திய வெளியார் எண்ணிக்கையே மிகுதி என்கிறார் மகனார். பங்கீட்டுக் காலத்தில் ஒரு நாள் உண்ணும்போது தாயார் தட்டில் வைக்க வைக்க, சிறுவன் சப்பாத்திகளைத் தின்றுகொண்டே இருந்தான். உண்டு முடித்ததும் அண்ணன் அவனைத் தனியே அழைத்து, "அம்மா தன் பங்கையும் உனக்கே கொடுத்துவிட்டாள், தெரியுமா?" என்னும் பொருள்படக் கடிந்துகொண்டான். சிறுவன் நடுங்கிப்போய் ஓடிச் சென்று தாயைக் கட்டிக்கொண்டான். பக்தி என்பது தொழுகைப் பாயில் மட்டும் கற்கப்படுவதன்று. அடுப்படியிலும் கற்கப்படுவது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இதுவரை சொன்னது வீட்டின் உட்புறம். இனி வாயிற்புறத்தைப் பார்ப்போம். ஜைனுலாப்தீன் பள்ளிவாசலில் இமாமாக இருந்தவர். மாலையில் அவர் தொழுகை முடித்து வெளியே வரும்போது, பல மதத்தினரும் கிண்ணங்களில் நீருடன் காத்திருப்பர். அவர் விரல் நுனியை நனைத்துப் பிரார்த்தித்துக் கொடுக்கும் அந்நீரை நோயுற்றவருக்குக் கொண்டு செல்வர். நலமடைந்தோர் நன்றி சொல்ல வந்தால், ஆண்டவனுக்கு நன்றி சொல்லுமாறு அனுப்பிவிடுவார். இராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்களான பட்சி இலட்சுமண சாஸ்திரிகள் அவருடைய நெருங்கிய நண்பர். தம் தம் மரபுக்குரிய உடையிலேயே இருவரும் அமர்ந்து ஆன்மிக விஷயங்களை உரையாடுவர். கிறித்தவக் கோயிலின் போடல் பாதிரியாரும் இவர்களுடன் கூடி ஊர் நலத்தைப் பற்றிப் பேசுவதுண்டு.

ஆண்டுதோறும் சீதாராம கல்யாண உற்சவம் வரும். அவ்வீட்டிற்கு அருகில் உள்ள இராம தீர்த்தம் என்னும் குளத்தின் நடுவே திருமணம் நிகழும். கோயிலிலிருந்து விக்கிரகங்களை எழுந்தருளச் செய்வதற்கு மேடை அமைத்த படகுகளை ஏற்பாடு செய்து கொடுத்தவர்கள் இந்த முஸ்லிம் குடும்பத்தாரே. இரவு படுக்கும்போது தாயாரும் பாட்டியாரும் நபிகள் நாயகத்தின் வரலாற்றையும் சொல்லுவர். இராமாயணக் கதைகளையும் சொல்லுவர். இவற்றால் அக்குடும்பத்தின் மார்க்கம் ஏதேனும் குறைந்ததா? குறையவில்லை. தந்தையார் ஒரு வேளைத் தொழுகையையும் விட்டவர் அல்லர். உள்ளே ஒழுங்கு உறுதியாக இருந்தமையால் வாயிலைத் திறந்து வைக்க அவர்கள் அஞ்சவில்லை.

ஆனால் அத்தீவில் எல்லாரும் எப்போதும் இனிமையாகவே இருந்தனர் என்று எண்ணிவிடலாகாது. கலாம் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது புதிய ஆசிரியர் ஒருவர் வந்தார். குருக்களின் மகனான இராமநாதன் அருகில் ஒரு முஸ்லிம் பிள்ளை உட்கார்ந்திருப்பதை அவர் பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். கலாமுக்கு வருத்தம், முன் வரிசையில் இருந்த இராமநாதனுக்கோ அழுகை. இருவரும் தம் தம் வீட்டில் சொன்னார்கள். இலட்சுமண சாஸ்திரிகள் அவ்வாசிரியரை வரவழைத்து, குழந்தைகள் உள்ளத்தில் வேற்றுமை விஷத்தைப் பரப்பலாகாது என்றும், மன்னிப்புக் கேட்கவேண்டும், இல்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டுச் செல்லவேண்டும் என்றும் கண்டிப்பாகக் கூறினார். ஆசிரியர் வருந்தித் திருந்தினார். அன்று அந்தப் பெரியவர், "நமக்கேன் வம்பு? என் பிள்ளை முன் வரிசையில்தானே இருக்கிறான்" என்று வாளாவிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு குழந்தை தன் ஊரை வெறுக்கக் கற்றுக்கொண்டிருக்கும்.

மற்றொன்று. விஞ்ஞான ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஒரு நாள் கலாமைத் தம் இல்லத்திற்கு உணவுக்கு அழைத்தார். ஆசாரம் மிகுந்த அவர் மனைவியார் தம் சமையலறையில் அப்பிள்ளைக்குப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் சினம் கொள்ளவில்லை. தாமே பரிமாறி, தாமும் பக்கத்தில் அமர்ந்து உண்டார். விடைபெறும்போது அடுத்த வாரமும் வருமாறு அழைத்தார். பிள்ளை தயங்கியதைக் கண்டு, பழைய வழக்கத்தை மாற்றுவது என்று துணிந்தபின் இத்தகைய இடையூறுகளை எதிர்கொள்ளத்தான் வேண்டும் என்று தேற்றினார். அடுத்த வாரம் அதே அம்மையார் அப்பிள்ளையை உள்ளே அழைத்துச் சென்று தம் கையாலேயே உணவு பரிமாறினார். மனிதர் மாறுவதற்கு ஒரு வார அவகாசம் வேண்டியிருந்தது. அந்த ஒரு வாரமும் மறுபடி அழைக்கும் மனமுள்ள ஒருவர் வீட்டில் இருந்தார். இதில் நாம் கற்க வேண்டியது மிகுதி.

கடல் சூழ்ந்த வாழ்க்கை இடர் நிறைந்தது என்பதையும் மறத்தலாகாது. யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்வதற்காக ஜைனுலாப்தீன் கட்டிய மரப்படகை ஒரு புயல் கொண்டுபோயிற்று. கலாம் தீவை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகளுக்குப் பின், 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவையொட்டி அடித்த பெரும் புயலில் பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர் வண்டி பிரயாணிகளோடும் ஊழியர்களோடும் கடலில் மூழ்கிற்று. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பன் பாலமும் சிதைந்தது. கடலில் வீழ்ந்த இரும்பு உத்திரங்களைத் தேடியெடுத்து, ஈ. ஸ்ரீதரன் என்னும் பொறியாளர் தலைமையில் 46 நாட்களில் பாலத்தைச் சீர்செய்தனர். இத்தகைய இடத்தில் வாழ்வோர்க்கு அண்டை வீட்டார் வெறும் அண்டை வீட்டார் அல்லர். ஆபத்தில் கைகொடுக்கும் உறவினர். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு வாழத் தீவில் இடமில்லை.

பிள்ளை படிப்பதற்காகத் தீவை விட்டுச் சென்றபோதும் வீடு அவனைக் கைவிடவில்லை. இராமநாதபுரம், திருச்சி எனப் படித்து முடித்து, சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தது. கட்டணத்திற்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் தேவைப்பட்டது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. தமக்கை ஜோஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தாயின் பங்குச் சப்பாத்தி, தமக்கையின் வளையல், தந்தையின் விடியற்காலைத் தொழுகை ஆகிய இவையே அந்தப் பிள்ளை தீவிலிருந்து எடுத்துச் சென்ற சீர்வரிசை.

பின்னர் அவர் தலைமையில் ஏவுகலம் ஏவப்பட்ட இடமும் ஒரு தீவே என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே உள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவு, முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் நம் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் கலாம் தலைமையில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி. - 3 தோல்வியுற்றது. அப்போது பத்திரிகையாளர் முன் பொறுப்பைத் தம்மீது ஏற்றுக்கொண்டு பேசியவர் மேலதிகாரி சதீஷ் தவான். 1980 ஜூலை 18ஆம் நாள் வெற்றி கிட்டியபோது, பேசும்படி கலாமை முன்னே விட்டார். இளையவருக்காகப் பெரியவர் முன் நிற்பதை இராமேசுவரத்துப் பள்ளிக்கூடத்தில் கண்டவருக்கு, இங்கும் அதே பேறு வாய்த்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இக்குடும்பத்திடமிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? வீட்டினுள் ஒழுங்கு, வாயிலில் திறப்பு. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒழுங்கின்றித் திறந்த வீடு நாளடைவில் தன் அடையாளத்தை இழக்கும். திறப்பின்றி ஒழுங்கு மட்டும் உள்ள வீட்டில் குழந்தைக்கு மூச்சு முட்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நம்மில் பலர் இரவுப் பணியும் பகற்பணியும் மாறி மாறிச் செய்பவர்கள். ஆதலால் எல்லா வேளையும் குழந்தைகளோடு இருத்தல் இயலாது. ஆயினும் நாளைக்கு ஒரு வேளையேனும் வீட்டார் அனைவரும் சேர்ந்து உண்ணலாம். விளக்கேற்றும் நேரத்தில் பத்து நிமிடம் குடும்பத்தோடு வழிபடலாம். அவரவர் தெய்வம் எதுவாயினும் ஆகுக. உறங்குமுன் அரைமணி நேரம் தாயோ தந்தையோ தமிழில் ஒரு கதை சொல்லலாம். குழந்தை தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும்வரை விடாமல் பழக்கலாம். பாட்டிக்கு மாதம் ஒரு கடிதத்தைக் குழந்தையின் கையாலேயே தமிழில் எழுதச் செய்யலாம். தொலைபேசியில் பேசுவது நன்றே. ஆயினும் பேரன் கையெழுத்தைப் பாட்டி தலையணைக்கடியில் வைத்துக்கொள்வாள் அன்றோ?

வாயிற்புறத்திலும் செய்ய வேண்டியவை உண்டு. யுகாதி அன்று அண்டை வீட்டார் தரும் பச்சடியை மகிழ்ந்து ஏற்போம். நம் பொங்கலை அவர்கள் வீட்டுக்கு நாமே கொண்டு கொடுப்போம். திருப்பதியில் கங்கம்மா ஜாதரை வரும்போது குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுவோம். காணிப்பாக்கம் விநாயகர் உற்சவத்தில் தெலுங்கரும் தமிழரும் ஒரே வரிசையில்தானே நிற்கிறோம்? நம் குழந்தை தெலுங்கைப் பிழையின்றிப் பேசக் கற்றால் அதனால் தமிழுக்குக் குறைவில்லை. நம் குழந்தையையோ பிறர் குழந்தையையோ மொழியைச் சொல்லி, சாதியைச் சொல்லி, மதத்தைச் சொல்லி எவரேனும் பின் வரிசைக்குத் தள்ளினால், அன்று நாம் இலட்சுமண சாஸ்திரிகளைப் போல் எழுந்து பேசுவோம்.

தெலுங்கு நாட்டில் தமிழுக்கு இடமில்லையே என்று வருந்துவோர்க்கு இறுதியாக ஒன்று சொல்லுவேன். மார்கழி மாதம் முழுவதும் திருமலையில் விடியற்காலையில் சுப்ரபாதத்திற்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவையே ஓதப்படுகிறது. ஏழுமலையான் துயிலெழுவது அம்மாதத்தில் தமிழ் கேட்டுத்தான். இம்மலைநாட்டு மக்கள் அதனை வேற்றுமொழி என்று விலக்கவில்லை. தம்முடையதாகவே கொண்டு போற்றி வருகின்றனர். வாயில் இங்கே திறந்தே இருக்கிறது. நாளை விடியற்காலையில் நம் வீட்டில் எந்த மொழியில் குழந்தை கண் விழிக்கிறது என்பதே இனி நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது.